நம்ம ஊரு நம்பர் வண்டி

ஒரு கையில் துணிப்பை, மறு கையில் நாய்ச் சங்கிலி, மத்தியான வெயிலில் வண்டலூர் ரோட்டோரம் நின்று லிஃப்ட் கேட்கிற பொம்பளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். யோகேஸ்வரியும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவளே அப்படி நின்றாள்.

நாயும் லேசுப்பட்ட நாய் இல்லை. ராஜபாளையத்து நாய். இடுப்பு உயரம், பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் நிறம். வெள்ளைக்காரன் மாதிரி இருக்கிறான் என்று அவள் அண்ணன் சமுத்திரம் குட்டியிலேயே தொரை என்று பெயர் வைத்துவிட்டான். கல்யாணம் முடிந்து அவள் மெட்ராசுக்குக் கிளம்பும்போது, "மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போனா நீ ஒத்தையில கெடப்ப, இது கூட இருக்கட்டும்" என்று சீரோடு சீராகக் கொடுத்துவிட்டதும் அவன்தான்.

கொடுத்தான், சரி. மண்ணிவாக்கத்தில் மாடியில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம். ஓடுவதற்கென்றே பிறந்த நாய் அதற்குள் எங்கே ஓடும்? நாய்க்கு வேலையும் இல்லை, நிக்க நேரமும் இல்லை என்பார்களே, அதைத் தொரையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருக்கும். ராத்திரியெல்லாம் தரையில் நகம் டக்கு டக்கு என்று கேட்கும். கீழ் வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் அம்மா முதலில் முறைத்தாள், பிறகு கத்தினாள், கடைசியில் நாயா வீடா என்று கேட்டுவிட்டாள்.

அன்றைக்குக் காலையில் பிரிட்ஜ் மேல் ஒரு பத்து ரூபாய்க் காசு கிடந்தது. "இது என்னது?" என்று கேட்டாள். அவள் புருஷன் பாலகணேஷ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "செங்கல் சூளைக்காரர் ஒருத்தர் குடுத்தாரு. நாளைக்குக் காலையில வந்து நாயக் கூட்டிட்டுப் போயிருவாரு. சூளையில காவலுக்குக் கட்டிப் போடுவாராம்" என்றான்.

நம்ம பக்கத்தில் நாயைச் சும்மா கொடுக்கவும் மாட்டார்கள், சும்மா வாங்கவும் மாட்டார்கள். ஒரு காசாவது கை மாற வேண்டும். மாறாவிட்டால் அந்த நாய் போன வீட்டில் நிக்காது என்று ஒரு நம்பிக்கை. காசு மாறிவிட்டதென்றால் பேச்சு முடிந்தது, நாய் அவனுடையது. பாலகணேஷ் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மகாராஜபுரத்துக்காரன். அவனுக்கும் இது தெரியும். தெரிந்துதான் வாங்கியிருக்கிறான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ குடுக்கவா போற?"

அவன் கெட்டவன் இல்லை, சாமி. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. ஆனால் கேட்கிற பழக்கம் மட்டும் அவனுக்குக் கிடையவே கிடையாது. தாம்பரத்தில் துணி தைக்கிற கம்பெனிக்கு அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் போனால் சூப்பர்வைசர், "உன் வீட்டுக்காரர் நேத்தே போன் பண்ணி நீ வேலைய விட்டு நின்னுட்டதா சொல்லிட்டாரேம்மா" என்கிறார். அவளுக்குத் தெரியாமல் அவள் வேலையை விட்டிருந்தாள். அன்றைக்கு ஏறின கொதிப்பு இன்னும் இறங்கவில்லை. இப்போது இந்தக் காசு வேறு.

மத்தியானம் அவன் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிப் போன கையோடு துணிகளை ஒரு பையில் அடைத்து, தொரையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வாசலில் ஹவுஸ் ஓனர் அம்மா, "எங்கம்மா கிளம்பிட்ட?" என்றாள்.

"ஊருல நாயை விடப் போறேன்."

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தானே கேட்டைத் திறந்துவிட்டாள். நாயை விட்டுவிட்டு வருவதற்கு எதற்கு இம்புட்டுத் துணி என்று மட்டும் அவள் கேட்கவில்லை. யோகேஸ்வரியும் அதைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். "நாய்க்கு டிக்கெட்டும் கிடையாதும்மா, இடமும் கிடையாது" என்றார் ஒரு கண்டக்டர். இன்னொருத்தர் நாயைப் பார்த்ததுமே படியிலிருந்து ஒரு படி மேலே ஏறிக்கொண்டார். ரயிலுக்கு என்னென்னவோ காகிதம் கேட்பார்களாம். விடிந்தால் சூளைக்காரர் வாசலில் நிற்பார். அதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும், வேறு வழியில்லை. வண்டலூருக்கு நடந்து வந்து ரோட்டில் கையைக் காட்டி நின்றாள்.

நின்ற வண்டிகளில் எல்லாம் அவள் ஏறிவிடவில்லை. அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. நம்பர் பிளேட்டில் டி.என். 84 என்று போட்டிருந்தால் அது ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி. மெட்ராஸ் ரோட்டில் அந்த நம்பரைப் பார்த்தால் நம்ம ஆட்களுக்குச் சித்தப்பன் மகனைப் பார்த்த மாதிரி இருக்கும். நம்ம ஊரு வண்டி நம்ம ஊருக்குத்தானே போகும்? ஒரு கார்க்காரர் திண்டிவனம் வரை வரச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு லாரி, 84 என்று பளிச்சென்று எழுதி. இவள் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடு ரோடு வரைக்கும் ஓடிவிட்டாள்.

"யாரு தாயி, நம்ம ஊரா?" என்றார் டிரைவர். பெயர் சோணைமுத்து. ராஜபாளையத்துக்காரர். நாயைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி சொந்தம் வந்துவிட்டது. "இதக் கூட்டிட்டு எங்க கிளம்பிட்ட?"

"நாயை விடப் போறேன் அண்ணாச்சி."

"ஏறு, ஏறு."

அவள் எங்கே விட என்று சொல்லவில்லை. அவரும் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. எந்தத் தெரு, எந்த மில்லு, அய்யனார் கோவில் அருவியில் தண்ணி விழுகிறதா என்று பேச ஆரம்பித்தவர்கள்தான். இவள் வெளியே பார்க்கவே இல்லை. வண்டி எங்கேயோ திரும்பியது, திரும்பட்டுமே. செத்த நேரம் கழித்து நிமிர்ந்தால், தான் தினமும் கறிவேப்பிலை வாங்குகிற கடை கடந்து போகிறது. அவள் தெரு! கேட்டில் ஹவுஸ் ஓனர் அம்மா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். சுத்திச் சுத்தி வந்தாலும் சுப்பர் கொல்லை என்றால் இதுதான்.

"அண்ணாச்சி, வண்டி எங்க போவுது?"

"ஒரகடத்துக்கு. அங்க லோடு ஏத்திட்டு நாளைக் கழிச்சுத்தான் ஊருக்கு. ஏன் தாயி?"

"அய்யோ, நான் ஊருக்குல்லா போகணும்!"

"அட கூறுகெட்ட கழுத, ஏறும்போதே சொல்ல வேண்டாமா? பக்கத்துல எங்கயோ நாயை விடப் போறேன்னுல்ல நெனச்சேன்." அவர் வைதார். வைதுவிட்டு, தானும் கேட்கவில்லையே என்று தலையைச் சொறிந்தார். இறங்கினால் அவள் தெரு. அங்கே எப்படி இறங்குவாள்? ஒரகடம் வரைக்கும் வந்து, அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டைப் பிடிப்பதாகச் சொல்லிவிட்டாள்.

ஒரகடத்தில்தான் பாலகணேஷின் கம்பெனி. ஜங்ஷனில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு வந்த கம்பெனி பஸ் ஒன்று பக்கத்தில் உரசுகிற மாதிரி நின்றது. ஜன்னலில், கைக்கெட்டுகிற தூரத்தில், அவள் புருஷன். இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சடாரென்று சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாள். தான் ஒளிந்தாளே தவிர, தொரையை மறந்துவிட்டாள். அது ஜன்னலுக்கு வெளியே அரை உடம்பை நீட்டிக்கொண்டு அவனையே பார்க்கிறது! குரைக்கப் போகிறது, வாலை ஆட்டப் போகிறது, தொலைந்தோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பாலகணேஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. தொரை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறு பக்கம் திரும்பிக்கொண்டது. பஸ் நகர்ந்தது.

"யாரு தாயி அது?" என்றார் சோணைமுத்து.

"வீட்டுக்காரரு."

அவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். இறக்கிவிடும்போது, "நம்பரப் பாத்து ஏறாத. எங்க போவுதுன்னு கேட்டுட்டு ஏறு" என்றார்.

தண்ணீர் கேன் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஒன்று சிங்கப்பெருமாள் கோவில் வரை கொண்டுவந்து விட்டது. பின்னால் காலி கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தாள். தொழிற்சாலை, புரோட்டாக் கடை, மறுபடி தொழிற்சாலை, பிளாட் போட்ட பொட்டல், மறுபடி புரோட்டாக் கடை. இந்த ஊர் முடியவே முடியாதா என்று அவளுக்கு அழுகை வந்தது. அங்கிருந்து நடந்து நடந்து, வெயில் இறங்கின பிறகுதான் பரனூர் டோல்கேட்டைத் தாண்டி ஒரு டீக்கடைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு லாரி நின்றது. கேரளா நம்பர்.

இந்தத் தடவை நம்பரை அவள் சட்டை செய்யவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம் நேராகப் போய், "வண்டி எங்க போவுது?" என்று போலீஸ்காரி மாதிரி கேட்டாள்.

"புனலூருக்கு."

"எந்த வழி?"

"மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை. போதுமா? இல்ல லைசென்சு எடுத்துக் காட்டணுமா?"

ஐயாதுரை என்று பெயர். வண்டிதான் கேரளா, ஆள் புளியங்குடி. அவள் வயசே இருக்கும். கூட வந்த கிளீனர் திருப்பூருக்கு வேலைக்கு ஓடிவிட்டதால் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தான். "நாயோட எங்க?" என்றான்.

"நாயை விடப் போறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க அண்ணன் இருக்காரு."

ஏறுவதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து, ராஜபாளையத்தில் இருக்கிற தன் சிநேகிதி வெள்ளைத்தாய்க்கு அனுப்பினாள். அவன் பார்க்கும்படியாகவேதான் எடுத்தாள். "நல்லா எடு தங்கச்சி, மூஞ்சியும் வேணும்னா எடுத்துக்க" என்று அவன் சிரித்தான். தொரை இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

விழுப்புரம் தாண்டினதும் பாலகணேஷ் கூப்பிட்டான். சாப்பாட்டு இடைவேளை. ஹவுஸ் ஓனர் அம்மா சொல்லியிருக்கிறாள்.

"எங்க இருக்க?"

"ஊருக்குப் போய்க்கிட்டு இருக்கேன். நாயை விடப் போறேன்."

"சூளைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"பத்து ரூபா பிரிட்ஜு மேலதான் இருக்கு. திருப்பிக் குடுத்துருங்க."

"சரி, நாயை விட்டுட்டு அடுத்த பஸ்ஸுல ஏறி வந்துரு" என்று வைத்துவிட்டான். வருவாயா என்று கேட்கவில்லை.

அடுத்தது அண்ணனுக்குப் போட்டாள். சமுத்திரம் முதலில் திட்டினான். பிறகு, "உங்க மதினிக்கு நாய்னாலே ஆகாது. மம்சாபுரம் போற வழியில எங்க மொதலாளி தோப்பு இருக்கு, அங்க சங்கிலி போட்டுக் கட்டிரலாம். கொண்டா" என்றான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அந்த ஒரு வீடுதான். சூளையிலும் சங்கிலி, தோப்பிலும் சங்கிலி. இதற்கா இந்தப் பாடு என்று நினைத்தவள் தொரையைத் திரும்பிப் பார்த்தாள். தொரை தூங்கிக்கொண்டிருந்தது.

அவளால் நம்பவே முடியவில்லை. அந்த மாடி வீட்டில் அது ஒருநாளும் அசந்து தூங்கினது கிடையாது. இங்கே எஞ்சின் உறுமுகிறது, ஹாரன் அலறுகிறது, இது என்னவென்றால் அவள் மடியில் ஒரு காலும் ஐயாதுரை பக்கம் தலையுமாக, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறது. வண்டி டீக்கு நின்றால் முழித்துக்கொள்ளும். இறங்கி லாரியை ஒரு சுற்றுச் சுற்றும், டயர் டயராக மோந்து பார்க்கும். வண்டி கிளம்பினால் தானே ஏறி வந்து படுத்துக்கொள்ளும். யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. வெள்ளைத்தாயிடம் இருந்து மெசேஜ் வந்திருந்தது. 'எங்க மில்லுல வைண்டிங்குக்கு ஆள் எடுக்காங்க. ஹாஸ்டலும் உண்டு. நீ வாரதுன்னா நான் சொல்லி வைக்கேன்.' இது போன மாதத்தில் இருந்து அவள் அனுப்பிக்கொண்டிருக்கிற மெசேஜ்தான். கல்யாணத்துக்கு முன்னால் யோகேஸ்வரியும் அதே மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங்கில் இருந்தவள். 'நான் நாயை விடத்தான் வாரேன்' என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். திருமங்கலம் வந்த பிறகு ஒருவழியாக, 'சொல்லி வை' என்று அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாள்.

கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது விடிந்து காலேஜ் பஸ்கள் வரிசையாக எதிரே வந்தன. வலது பக்கம் மலை கூடவே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஐயாதுரை ஓரம் கட்டினான். அண்ணன் இன்னும் வந்திருக்கவில்லை. அவள் இறங்கி சங்கிலியை இழுத்தாள். தொரை இறங்கியது. மண்ணை மோந்தது. ஒரே தாவாகத் தாவித் திரும்பவும் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஏலே, எறங்கு."

அசையவில்லை. ரோட்டைப் பார்த்தபடி இருந்தது.

ஐயாதுரை ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே, "தங்கச்சி, இத கேக்கலாமான்னு தெரியல" என்றான். "வழியெல்லாம் களவாணிப்பய தார்ப்பாயை அறுக்கான், டீசலை உறிஞ்சுதான். ஒத்தையில எனக்குக் கண்ணசர முடியல. எங்கூட இருந்தா இத நான் கட்டிப் போட மாட்டேன். வண்டியிலயே கெடக்கட்டும்." சட்டைப் பையில் இருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். நீட்டவில்லை. "மனசோட குடுத்தாக் குடு. இல்லன்னா ஒண்ணும் இல்ல. இறக்கி விட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிருதேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கொடுக்கப் போகிறோமே என்பதற்காக அழுதாளா, ஒருத்தன் கேட்டானே என்பதற்காக அழுதாளா என்றால், ரெண்டுக்கும்தான். இத்தனை வருசத்தில் அவளுடைய ஒன்றை அவளிடமே கேட்டது இந்த வழிப்போக்கன் ஒருத்தன்தான்.

"போறியா?" என்று தொரையிடம் கேட்டாள். அது வாலால் சீட்டை ரெண்டு தட்டுத் தட்டியது.

கழுத்துப் பட்டையில் இருந்து சங்கிலியைக் கழற்றினாள். அவன் கையில் இருந்த காசை அவளே எடுத்துக்கொண்டாள். "மோர்ச்சோறுதான் திங்கும். கறி போட்டுக் கெடுத்துராதிய. பேரு தொரை" என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. லாரி கிளம்பியது. ஜன்னலில் வெள்ளைத் தலை ஒன்று காற்றுக்குக் காதை மடக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. நன்றி கெட்ட கழுதை என்று அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சமுத்திரம் பைக்கில் வந்து சேர்ந்தான். பெட்ரோல் டாங்க் மேல் கயிறும் பழைய சாக்கும் வைத்திருந்தான். இறங்காமலே சுற்றும் முற்றும் பார்த்தான்.

"நாய் எங்க?"

"குடுத்துட்டேன். லாரிக்கார அண்ணனுக்கு. காசு வாங்கிட்டேன்."

"லாரிக்காரனுக்கா?" அவனுக்குக் கோபம் வருவதா குழப்பம் வருவதா என்று தெரியவில்லை. "வழியில போறவனுக்குக் குடுக்கதுக்கா இம்புட்டு தூரம் வந்த? அத அங்கயே குடுத்திருக்கலாம்ல? அப்ப நீ எதுக்கு வந்த?"

நேற்று மத்தியானத்தில் இருந்து கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. அது இப்போது ராஜபாளையம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. வெறும் சங்கிலியும் ஒரு பை நிறையத் துணியும்தான் மிச்சம். அண்ணன் பையைப் பார்த்தான். அது எம்புட்டுப் பெரிய பை என்று அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"மாப்பிள்ளையோட சண்டையா?"

"சண்டை இல்ல."

"பின்ன என்னட்டி? சரி, ஏறு. வீட்டுக்கு வந்து காப்பித்தண்ணி குடி. மத்தியானமா நானே பஸ் ஏத்தி விடுதேன்."

அவள் பைக்கின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். டி.என். 84.

"அந்த வண்டியில நான் ஏறல அண்ணே" என்றாள். "நீ போ. நான் வேற வண்டி பாத்துக்கிடுதேன்."

சொன்னவள் சும்மா நிற்கவும் இல்லை. ரோட்டோரம் நகர்ந்து, சங்கிலி பிடித்த கையையே நீட்டினாள். ராஜபாளையம் பக்கம் போகிற லோடு ஆட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்தது. கூடப்பிறந்த தங்கச்சி நடுத்தெருவில் நின்று கை காட்டுகிறாள், கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். சமுத்திரத்துக்குப் போன மானம் திரும்பி வருமா?

"ஏட்டி, கைய இறக்கு!" என்று கத்திக்கொண்டே பைக்கை அவளுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். ஆட்டோக்காரனைப் போகச் சொன்னான். அப்புறம் அவளைப் பார்த்தான். கண் வீங்கி, தலை கலைந்து, கையில் நாயில்லாத சங்கிலியோடு நின்றவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கயிறையும் சாக்கையும் எடுத்து ரோட்டோரம் வீசினான்.

"எங்க போகணும்னு சொல்லித் தொல" என்றான்.

"மில்லுக்கு. வெள்ளைத்தாய் சொல்லி வச்சிருப்பா. ஹாஸ்டல் இருக்கு. அவருகிட்ட நானே போன் பண்ணிச் சொல்லிக்கிடுதேன்."

பைக்கை ராஜபாளையம் பக்கம் பார்த்துத் திருப்பினான். சரியாகத்தான் திருப்பியிருக்கிறான் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் யோகேஸ்வரி ஏறினாள்.